வரையறது ஈஸிங்க... மாட்டிக்கிட்டா யாரு பாக்கறது?

"கோடு எழுத வேண்டாம், கோடு போட்டா போதும்."

ஒர்க்ஃப்ளோ டிசைன் டூல் விக்கிறவங்க எந்த நாட்டுக்காரங்களா இருந்தாலும் சுத்தி வளைச்சு சொல்றது இந்த ஒரு வரியைத்தான். (இந்த சிலேடை தமிழ்ல மட்டும்தான் வேலை செய்யும்ங்கறது பாவம் அவங்களுக்குத் தெரியாது. :-))

பொட்டி தட்டாத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஆபீஸ்ல ஒரு வேலை பல கை மாறிப் போகும். ஒருத்தர் ஃபாரம் போடுவார், இன்னொருத்தர் சரி பாப்பார், மூணாவது ஆள் பணம் குடுப்பார். இந்தப் போக்குவரத்தை வெப் அப்ளிகேஷன்ல நிரலா எழுதறதுதான் நம்ம பொழப்பு. விஷுவல் டூல்ல அதையே படமா வரைவாங்க. இடது பக்கம் சின்னச் சின்ன கட்டங்கள் இருக்கும். இழுத்து நடுவுல விட்டு, அம்புக்குறி போட்டு இணைச்சா முடிஞ்சது. உலகத்துல எந்த டூலோட டெமோ பாத்தாலும் உதாரணம் ஒண்ணுதான்: லீவ் லெட்டர். டேமேஜர் ஓகேன்னா எச்.ஆருக்குப் போகும், இல்லைன்னா திரும்பி வரும். லீவ் லெட்டருக்கு மேல கஷ்டமான வேலையே ஆபீஸ்ல கிடையாது போல.

இந்த டூல்களைப் பத்தி நம்ம ஆளுங்ககிட்ட ரெண்டு கட்சி இருக்கு. "இதெல்லாம் பொம்மை, நிஜமான டெவலப்பர் கை வைக்க மாட்டான்"ங்கறது ஒண்ணு. "இனிமே டெவலப்பரே தேவையில்லை"ங்கறது இன்னொண்ணு. எனக்கு ரெண்டுமே ஒத்துக்கல. ரெண்டு பேருமே படம் *வரையறது* எவ்வளவு சுலபம்ங்கறதைப் பத்தியே சண்டை போடறாங்க. வரையறது ஒரு நாள் கூத்து. அந்தப் படத்தைப் *படிக்கிறது* பத்து வருஷ வேலை. ராத்திரி ஒரு மணிக்கு வேலை நின்னு போச்சுன்னா, படத்தைப் பாத்து எங்க நிக்குது, ஏன் நிக்குதுன்னு சொல்ல முடியுதா? டூலை எடை போட வேண்டிய தராசு இதுதான்னு நான் நினைக்கிறேன்.

மில்லுக்குள்ள ஓடற படம்

படம் வரைஞ்சு புரோகிராம் பண்றது ஏதோ நேத்து வந்த சமாச்சாரம் மாதிரி பேசறாங்க. நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் ஏதாவது ஸ்பின்னிங் மில்லுலயோ ஃபவுண்டரியிலயோ பேனல் போர்டைத் திறந்து பாருங்க. உள்ள பி.எல்.சி. ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள ஓடற புரோகிராம் பெரும்பாலும் லேடர் லாஜிக்ல எழுதினது. பேருக்கு ஏத்த மாதிரி ஏணிப் படம்தான். ரெண்டு பக்கமும் நெட்டுக் கோடு, நடுவுல படிப் படியா ஸ்விட்ச், ரிலே, மோட்டார்.

இது எப்படி வந்துதுன்னு தெரிஞ்சுக்கறது முக்கியம். 1968ல அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, சுவர் சுவரா நிக்கிற ரிலே பேனலுக்குப் பதிலா வேற ஏதாவது வேணும்னு கேட்டாங்க. டிக் மோர்லி குழு செஞ்சு குடுத்ததுதான் மோடிகான். கம்ப்யூட்டர் மாதிரி ஒண்ணை ஃபேக்டரிக்குள்ள வச்சா யாரு அதைப் பாத்துக்கறது? எலக்ட்ரீசியன்தான். அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்சது ரிலே வயரிங் படம். அதனால அதே படத்தையே புரோகிராமிங் மொழியா வச்சுட்டாங்க.

கவனிங்க. எழுதறவனுக்கு சுலபமா இருக்கணும்னு அந்தப் படம் பிறக்கல. ரிப்பேர் பாக்கறவர் படிக்கணும்னு பிறந்துச்சு. மெஷின் நின்னா எலக்ட்ரீசியன் அண்ணா லேப்டாப்பை சொருகுவார். மின்சாரம் எந்தப் படி வரைக்கும் வந்திருக்குன்னு ஏணியில கலர்ல தெரியும். "கதவு சென்சார் சிக்னல் வரலீங்க"ன்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவார். அவர் எஞ்சினியரிங் படிச்சிருக்கணும்னு இல்லை.

இன்னொரு விஷயம். 1993ல வந்த ஐ.இ.சி. தரத்துல பி.எல்.சி.க்கு ஏணிப் படத்தோட எழுத்து மொழியையும் சேத்தே வச்சாங்க. படமா எழுத்தாங்கற சண்டையை அவங்க 30 வருஷத்துக்கு முன்னாடியே முடிச்சுட்டாங்க. எதுக்கு எது பொருந்துமோ அதை வச்சுக்கோன்னு விட்டுட்டாங்க. நாம இன்னும் அடிச்சுக்கறோம்.

வரையற டூல் அங்க, பாக்கற டூல் இங்க

இதே பாடத்தை நம்ம சாஃப்ட்வேர் உலகத்துல சொல்லிக் குடுத்த கம்பெனியும் நம்ம ஊர்க்காரங்கதான். அதுக்கு முன்னாடி மைக்ரோசாஃப்ட் பிஸ்டாக் சர்வர் பத்தி கொஞ்சம்.

2000ல முதல் பதிப்பு வந்துச்சு. ஒரு கம்பெனியோட வெவ்வேற சிஸ்டங்களை ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கறது அதோட வேலை. அதுக்குள்ள ஒர்க்ஃப்ளோவைப் படமா வரையலாம். முதல்ல விசியோவுல வரைஞ்சாங்க, 2004 பதிப்புல இருந்து விஷுவல் ஸ்டூடியோவுக்குள்ளயே. அந்தப் படத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரேஷன்னு பேரு. மாரியம்மன் கோயில் திருவிழா ஆர்க்கெஸ்ட்ரா இல்லீங்க, இது வேற.

படம் அழகாத்தான் இருந்துச்சு. ஆனா பேங்க்கு, இன்சூரன்ஸ்னு பெரிய இடத்துல ஓட விட்டதுக்கு அப்புறம்தான் நிஜப் பிரச்சனை ஆரம்பிச்சது. ஆயிரக்கணக்கான வேலை ஓடும், அதுல பத்து நடுவழியில மாட்டிக்கும். எது மாட்டிச்சுன்னு யாரு பாக்கறது? சப்போர்ட் ஆளுக்கு சர்வர்ல பெரிய பெர்மிஷன் குடுக்காம அவர் எப்படிப் பாப்பார்? குடுத்தா, யாரு எதை நிறுத்தினாங்க, எதை அழிச்சாங்கன்னு யாரு கணக்கு வைக்கறது?

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் பிஸ்டாக்360. சரவண குமார் 2011ல ஆரம்பிச்ச கம்பெனி, இன்னைக்கு கோவை.கோ. கம்பெனி பேர்லயே ஊரை வச்சிருக்காங்க. பிஸ்டாக்கை பிரௌசர்லயே பாக்கலாம், யாருக்கு எவ்வளவு உரிமைன்னு பிரிக்கலாம், யாரு என்ன பண்ணாங்கன்னு பதிவு இருக்கும். அப்புறம் மைக்ரோசாஃப்டே அஷூர் லாஜிக் ஆப்ஸ்னு அடுத்த தலைமுறை வரைபட டூலைக் கொண்டுவந்தப்ப, அதுக்கும் இதே மாதிரி காவல் பாக்கற சர்வர்லெஸ்360ஐக் கொண்டுவந்தாங்க. (பின்னாடி டர்போ360னு பேரை மாத்திட்டாங்க.) 2025 ஜனவரியில 140 பேருக்கு மேல 14.5 கோடி ரூபாய் போனஸ் குடுத்ததா பேப்பர்ல வந்துச்சே, அந்தக் கம்பெனிதான்.

ஊர்ப் பெருமை பேச இதைச் சொல்லல (சரி, கொஞ்சம் பேசிக்கறேன்). படம் வரையற டூலை உலகத்துக்கே குடுத்தது ரெட்மண்ட்காரங்க. வரைஞ்சது மாட்டிக்கிட்டா என்ன செய்யறதுங்கற கேள்வியில இருந்தே கோயமுத்தூர்ல ஒரு கம்பெனி எழுந்து நிக்குது. வரைஞ்சதுக்கு அப்புறம் இருக்கற வேலை எவ்வளவு பெருசுன்னு இதை விட நல்ல சாட்சி கிடைக்காது.

எல்லாம் பச்சை, துணி எங்க?

இப்ப நம்ம பக்கத்து ஊருக்கு வருவோம். ஒர்க்ஃப்ளோன்னா என்னன்னு பாடம் நடத்த திருப்பூரை விட நல்ல ஊர் கிடையாது. நூல் வாங்கணும், நிட்டிங்குக்கு அனுப்பணும், அங்கிருந்து சாயப்பட்டறை, காம்பேக்டிங், பிரிண்டிங், அப்புறம் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதுல பாதி வேற வேற யூனிட்ல ஜாப் ஒர்க்கா நடக்கும். ஒவ்வொரு தடவை துணி வண்டி ஏறும்போதும் ஒரு சலான். கட்டமும் அம்புக்குறியும் போட இதை விட நல்ல படம் வேணுமா?

அப்படி ஒரு பனியன் கம்பெனிக்கு வேலையா போயிருந்தேன். அங்க ஏற்கெனவே ஒரு வரைபட டூல்ல ஆர்டர் முழுக்க ஓடிக்கிட்டிருந்துச்சு, வேற யாரோ செஞ்சு குடுத்தது. மொதலாளி என்னைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினார். "பாருங்க தம்பி, எல்லாம் பச்சையாத்தான் காட்டுது. துணி எங்கீங்க?"

விசாரிச்சா விஷயம் இதுதான். சாயத்துல இருந்து வந்த லாட்ல ஒரு பகுதி ஷேட் ஒத்து வரல. நல்லா இருக்கறதை எடுத்துக்கிட்டு மீதியைத் திருப்பி அனுப்பணும், அதுதான் அந்த ஊர்ல தினம் நடக்கறது. ஆனா படத்துல ரெண்டே அம்புக்குறி. ஓகே, இல்லைன்னா ரிஜெக்ட். ரிஜெக்ட் அமுக்கினா மொத்த லாட்டும் பின்னாடி போய் கட்டிங் நின்னுடும். அதனால ஃபேப்ரிக் பாக்கற அண்ணன் ஓகேவை அமுக்கிட்டு, மீதியை சாயப்பட்டறைக்கு போன்ல பேசிக்கிட்டார். அவர் பண்ணது தப்பே இல்லை, ஷிப்மென்ட் போகணுமே. ஆக, நிஜ ஒர்க்ஃப்ளோ போன்லயும் அவர் பாக்கெட் நோட்டுலயும் ஓடுது. கம்ப்யூட்டர்ல பச்சையா ஒரு பொம்மைப் படம் ஓடுது. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

"அந்த அம்புக்குறியையும் போட்டா ஆச்சு"ன்னு நீங்க சொல்லுவீங்க. போடலாம். ஆனா இந்த மாதிரி நாப்பது இருக்கும். எடை கொறைஞ்சு வந்தது, பையர் நடுவுல கலர் மாத்தினது, பாதி மட்டும் பிரிண்டிங் போனது... எல்லாத்தையும் போட்டா படம் இடியாப்பம் ஆயிடும். ஒருத்தராலயும் படிக்க முடியாது. படிக்க முடியாத படத்துக்கு நேரா நிரலே எழுதிடலாம், தேடறதாவது சுலபம்.

என் கருத்து: நேர்வழியைப் படத்துல வைங்க. விலகல்களுக்கு மனுஷன் கையில ஒரு கதவைத் திறந்து விடுங்க. "இந்த லாட்டைப் பிரிக்கிறேன், காரணம் இது"ன்னு எழுதிட்டுப் போற மாதிரி. அந்த அண்ணனை சிஸ்டத்துக்கு வெளிய தள்ளாம இருக்கறதுதான் டிசைன்.

படத்துக்குக் கீழ இருக்கற கணக்குப்புள்ள

லீவ் லெட்டர் டெமோவுல தெரியாத இன்னொண்ணு, காலம். ஜி.எஸ்.டி.யில ஜாப் ஒர்க்குக்கு அனுப்பின சரக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்பணும். இல்லைன்னா அனுப்பின அன்னைக்கே வித்த கணக்குல எடுத்துப்பாங்க, வரி வரும். ஐ.டி.சி.-04 ஃபாரத்துல அதுக்கு கணக்கும் குடுக்கணும். அப்ப ஒரு சலானோட ஒர்க்ஃப்ளோ மாசக்கணக்குல உயிரோட இருக்கணும். நடுவுல சர்வர் ரீஸ்டார்ட் ஆகும், கரண்டு போகும்.

பிஸ்டாக் மாதிரி டூல்கள் இதுக்கு ஒரு நல்ல வழி வச்சிருந்தாங்க. காத்துக்கிட்டிருக்கற வேலையை மெமரியில வச்சுக்காம, அதோட நிலையை டேட்டாபேஸ்ல எழுதிட்டு தூங்க வச்சிடும். பதில் வந்தா எழுப்பும். இங்கிலீஷ்ல அவங்க வச்ச பேருக்கு அர்த்தமே நீர் வத்த வைக்கறதுதான். நம்ம அம்மா சுண்டைக்கா வத்தல் போட்டு டப்பாவுல வைக்கற டெக்னிக், அவ்வளவுதான். இந்த டூல்களோட நிஜமான சரக்கு இதுதான். மேல தெரியற படம் பொம்மை கொலு. கீழ ஒரு கணக்குப்புள்ள உக்காந்து எந்த வேலை எங்க நிக்குதுன்னு நோட்டு எழுதறான் பாருங்க, அவனுக்குத்தான் காசு குடுக்கணும். நிறைய விலை கம்மி டூல்கள்ல படம் இருக்கு, கணக்குப்புள்ள இல்லை.

இதோட சேந்தது இன்னொரு தலைவலி. பாதி வழியில 300 சலான் நிக்கும்போது படத்தை மாத்தினா என்ன ஆகும்? நடக்காத கதை இல்லை. 2011 ஜனவரியில ஹைகோர்ட் உத்தரவால திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடினப்ப ஒரே நாள்ல வழி மாறுச்சு, துணி சாயத்துக்கு வெளி மாநிலம் வரைக்கும் போச்சு. 2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்து சலான் விதியே மாறுச்சு. பழைய சலான் பழைய படத்துல முடியுமா, புதுசுக்குத் தாவுமா? டெமோ காட்ட வர்றவர்கிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. தண்ணி குடிச்சுட்டுதான் பதில் சொல்லுவார்.

கடையைச் சாத்திட்டா?

பதிவு எழுதறவங்க சிலருக்கு யாஹூ பைப்ஸ் ஞாபகம் இருக்கும். 2007ல வந்துச்சு. நாலு ஓடையை இழுத்து விட்டு, வடிகட்டி, ஒண்ணாக்கி நம்ம பக்கத்துல போட்டுக்கலாம். எவ்வளவு அழகான டூல்! 2015ல மூடிட்டாங்க. கூகுள் ஆப் மேக்கர் 2016ல அறிவிச்சு 2021ல மூடினாங்க. டேட்டாவை எடுத்துக்கலாம், ஆனா செஞ்ச அப்ளிகேஷனை அப்படியே வேற இடத்துக்கு நகர்த்த வழி இல்லைன்னு ஆயிடுச்சு. டாட்நெட்ல 2006ல வந்த ஒர்க்ஃப்ளோ ஃபவுண்டேஷனை மைக்ரோசாஃப்ட் டாட்நெட் கோருக்குக் கொண்டு போகவே இல்லை. பிஸ்டாக்குக்கே 2020 பதிப்புதான் கடைசின்னு சொல்லிட்டாங்க.

நிரலா எழுதினது பழசானாலும் ஃபைல் நம்ம கையில இருக்கும். கிளவுட் டூல்னா படம் அவங்க சர்வர்ல இருக்கும். ஒரு கம்பெனியோட தொழில் நடக்கற விதமே அந்தப் படத்துக்குள்ள இருக்கும்போது அது வாடகை வீட்டுல இருக்கறது எனக்கு பயமா இருக்கு.

அதனால நம்ம தமிழ்நாட்டு டூல்களை எடுத்தாலும் இதே கேள்வியைக் கேக்கணும். சுரேஷ் சம்பந்தத்தோட கிஸ்ஃப்ளோ சென்னையில இருந்து 2012ல வந்துச்சு. ஜோஹோ கிரியேட்டர் 2006லயே வந்துச்சு. ஜோஹோல எனக்குப் பிடிச்ச ஒண்ணு, படத்தோட நிக்காம டெல்யூஜ்னு ஒரு எழுத்து மொழியையும் உள்ள வச்சது. பி.எல்.சி. உலகம் கத்துக்கிட்ட பாடம்தான் அதுவும்.

டூல் வாங்கப் போறவங்களுக்கு என்னோட அஞ்சு கேள்விகள்:

1. வேலை மாட்டிக்கிட்டா, எழுதாத ஆள் ஒருத்தர் ஸ்கிரீனைப் பாத்து எங்க, ஏன்னு சொல்ல முடியுமா?
2. படத்தை எழுத்து வடிவத்துல வெளிய எடுக்க முடியுமா? லாஜிக் ஆப்ஸ், நோட்-ரெட், என்8என் எல்லாம் உள்ளுக்குள்ள ஜேசான் ஃபைல்தான். பி.பி.எம்.என். 2.0க்கு 2011ல இருந்து பொதுவான எக்ஸ்.எம்.எல். வடிவமே இருக்கு. எழுத்து இருந்தா கிட்ல போடலாம், நேத்துக்கும் இன்னைக்கும் என்ன மாறுச்சுன்னு பாக்கலாம்.
3. சர்வர் விழுந்து எழுந்தா, பாதியில நின்னது நின்ன இடத்துல இருந்தே தொடருமா?
4. ஓடிக்கிட்டிருக்கும்போது படத்தை மாத்தினா பழசுக்கு என்ன கதி?
5. படத்துல இல்லாதது நடந்தா, வேலை பாக்கறவர் பொய் சொல்லாம முன்னாடி நகர முடியுமா?

அஞ்சாவதுதான் எனக்கு முதல் கேள்வி. திருப்பூர் அண்ணனை ஓகே அமுக்க வச்சது அந்தக் கேள்வியை யாரும் கேக்காததுதான்.

"இதெல்லாம் பழைய கதை, இப்ப வாயால சொன்னா ஏ.ஐ. மொத்த நிரலையும் எழுதிடுதே"ன்னு கேப்பீங்க. எழுதுது, நானும் ஆணி புடுங்க தினமும் அதைத்தான் கூப்பிடறேன். ஆனா மெஷின் எழுதினதை மனுஷன் படிச்சு, "இது நம்ம ஊர்ல நடக்கறது இல்லீங்க"ன்னு சொல்லணுமே? டெவலப்பருக்கு நிரல் படிக்கத் தெரியும். மொதலாளிக்கும் ஃபேப்ரிக் அண்ணனுக்கும்? அவங்க படிக்கற மாதிரி ஒண்ணு வேணும்னா அது படம்தான். அதனால வரையற டூலோட மவுசு குறையலாம். படிக்கற படத்தோட தேவை இன்னும் கூடத்தான் போகுது.

உங்க ஆபீஸ்ல இப்படி பச்சையா காட்டிக்கிட்டு போன்ல ஓடற ஒர்க்ஃப்ளோ எத்தனை இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கம்பெனி பேர் வேண்டாம், கதை மட்டும் போதும்.

டிஸ்கி: மேல பேர் சொன்ன எந்தக் கம்பெனியிலயும் நான் வேலை பாக்கல. ரெஸ்யூம் அனுப்பறேன்னு மெயில் போடாதீங்க சாமி. :-)